‘விடுதலை’ என்று எழுதும் முன்: மேல்முறையீட்டுத் தீர்ப்புகளைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு ஜூனியர் தன் கட்டுரை வரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். தலைப்பு: ‘கொலை வழக்கில் மூவர் விடுதலை’. உத்தரவை வாங்கிப் பார்த்தேன். இரண்டே பக்கம். மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மேல்முறையீட்டில் இறுதி வாதம் இன்னும் தொடங்கவே இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே தலைப்பைப் போட்டவன் என்பதால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பெயர்ப் பிழை, தேதிப் பிழையெல்லாம் யார் கண்ணிலாவது பட்டுத் திருந்திவிடும். இங்கே சொல்ல வருவது வேறு.

விடுதலை என்ற ஒரே சொல்

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுவித்தால் விடுதலை என்கிறோம். ஜாமீனில் வெளியே வந்தாலும், தண்டனைக் காலம் முடிந்து வந்தாலும், அரசு முன்கூட்டியே விட்டாலும் அதே விடுதலைதான். சட்டத்துக்கு இவை நான்கும் நான்கு. முதலாவதில் மட்டும்தான் குற்றவாளி என்ற தீர்ப்பே இல்லாமல் போகிறது. மற்ற மூன்றிலும் அது அப்படியே நிற்கிறது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998 ஜனவரியில் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 4 பேருக்குத் தூக்கை உறுதிசெய்து, 3 பேருக்கு ஆயுளாகக் குறைத்து, 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. சாட்சியங்களை எடைபோட்டு எடுத்த முடிவு அது. மீதி ஏழு பேர் 2022இல் வெளியே வந்தார்கள். அப்போது சாட்சியத்தை யாரும் மறுபடி தொடவில்லை. நீண்ட சிறைவாசம், 2018இல் அமைச்சரவை பரிந்துரைத்தும் ஆளுநர் முடிவெடுக்காமல் இருந்தது போன்றவற்றைப் பார்த்து, முழு நீதி வழங்க அரசமைப்புச் சட்டத்தின் 142ஆம் பிரிவு தரும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு அது. ‘உச்ச நீதிமன்றமே நிரபராதிகள் என்று சொல்லிவிட்டது’ என்று அதற்கு விளக்கம் எழுதினால் அது பொய். எழுதுகிறவர் எந்தப் பக்கம் நின்றாலும் பொய்தான்.

நான் பட்டது இது. ஒரு வரதட்சணை மரண வழக்கில் கணவருக்குத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டதை ‘விடுதலை’ என்று எழுதியிருந்தேன். இரண்டு மாதம் கழித்து இறந்த பெண்ணின் அப்பா என்னைத் தேடி வந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மடிப்பில் எழுத்தே தேய்ந்திருந்தது. “கேஸ் முடிஞ்சுபோச்சுங்களா சார்? இனிமே நாங்க கோர்ட்டுக்கு வரவே வேணாமா?” என்றார். முடிந்துவிட்டது என்று நம்பி, அரசு வழக்கறிஞரைப் போய்ப் பார்ப்பதையே விட்டுவிட்டாராம். மறுப்பு வெளியிட்டேன். ஆனால் அந்த இரண்டு மாதம் அவருக்குத் திரும்பக் கிடைக்காது.

அதனால் முதலில் உத்தரவின் தலைப்பகுதியைப் பாருங்கள். கிரிமினல் அப்பீல் எண் மட்டும் இருக்கிறதா, அப்பீலுக்குள் போட்ட எம்.பி. (இதர மனு) எண்ணும் இருக்கிறதா? எம்.பி. என்றால் பெரும்பாலும் இடைக்கால உத்தரவுதான். பிறகு கடைசிப் பத்திக்குப் போய், நிறுத்திவைத்தது தண்டனையை மட்டுமா, குற்றவாளி என்ற தீர்ப்பையும் சேர்த்தா என்று பாருங்கள். 2024 மார்ச்சில் பொன்முடி வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டாவதையும் நிறுத்திவைத்ததால்தான் சட்டமன்ற உறுப்பினர் பதவி அவருக்குத் திரும்பக் கிடைத்தது. தண்டனையை மட்டும் நிறுத்தியிருந்தால் தகுதி நீக்கம் நீங்கியிருக்காது.

கீழ் நீதிமன்றத் தீர்ப்பைப் படிக்காமல் எழுதுவது

மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஒரு பதில். கேள்வியைப் படிக்காமல் பதிலை மட்டும் எப்படி மதிப்பிடுவீர்கள்? விடுவிப்பை எதிர்த்த மேல்முறையீட்டில் இது இன்னும் முக்கியம். சாட்சியம் முழுவதையும் மறுபரிசீலனை செய்ய மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதே சாட்சியத்திலிருந்து நியாயமான இரண்டு முடிவுகளுக்கு வர முடியும் என்றால், விடுவிப்பில் கை வைக்கக் கூடாது. 2007இல் சந்திரப்பா எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக வகுத்துச் சொல்லியிருக்கிறது. ‘உயர் நீதிமன்றம் ஏன் தலையிடவில்லை’ என்று கோபப்படும் முன் இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

அட்டவணையைத் தாண்டிப் போவது

ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில், அவரை விடுவித்த கர்நாடக உயர் நீதிமன்றத்தின் 2015 மே மாதத் தீர்ப்பில் கடன் பட்டியலின் கூட்டுத்தொகை 24.17 கோடி என்று இருந்தது. கூட்டிப் பார்த்தால் 10.67 கோடிதான் வருகிறது. வருமானத்தைவிட 8.12 சதவீதமே அதிகச் சொத்து என்ற முடிவு அந்தக் கூட்டலின் மேல் நின்றது. அன்று பட்டியலைக் கூட்டிப் பார்த்தவர்கள் எழுதியதுதான் விமர்சனம். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுவிப்பை ரத்துசெய்தது.

உயர் நீதிமன்றம் தூக்கை ஏற்காதபோது

அமர்வு நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனை, உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாமல் நிறைவேறாது. யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டாலும் வழக்கு அங்கே போயே தீரும். அதை அதிசயமாக எழுதாதீர்கள்.

இரு நீதிபதிகள் மாறுபட்டால்

வழக்கு மூன்றாவது நீதிபதியிடம் போகும். அவர் சொல்லும்வரை பேனாவை மூடி வையுங்கள்.

பிரிவு எண்

2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் எண்தான்; அன்று அதன் இடத்தில் வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் எண் அல்ல.