கவுண்ட்டவுன் டைமர்: எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் சில மாணவர்களுக்கு இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் சொல்லிக்கொடுக்கிறேன். கவுண்ட்டவுன் டைமர் எழுதச் சொன்னால் அநேகமாக எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். அந்தத் தவறால் நஷ்டப்பட்டது, என் டைமரை நம்பிப் பரீட்சை எழுதிய ஒரு பையன்.

0:07க்குப் பதில் 0:7 என்று தெரிவது, பூஜ்யத்தைத் தாண்டி மைனஸுக்குப் போவது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை திரையிலேயே தெரிந்துவிடும், நீங்களே திருத்திக்கொள்வீர்கள்.

ஒவ்வொன்றாகக் கழிப்பது

'மீதம்' என்று ஒரு வேரியபிள் (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயர்), அதில் 3600 நொடி. குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும் செட்இன்டர்வல் என்ற கட்டளை 1000 மில்லி நொடிக்கு, அதாவது ஒரு நொடிக்கு, ஒருமுறை ஓடி, மீதத்தில் ஒன்றைக் கழிக்கும். அந்த டேபையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஏறக்குறைய சரியாகவே ஓடும். ஆபத்தே அதுதான். சோதித்துப் பார்க்கும்போது நாம் வேறு எங்கும் போவதில்லையே!

ஒரு பயிற்சி மையத்துக்காக 60 நிமிட மாதிரித் தேர்வுப் பக்கம் செய்துகொடுத்தேன். ஒரு மாணவர் போனை மேசையில் வைத்துவிட்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கு நீளும்போதெல்லாம் திரை தானாக அணையும், அப்புறம் போனை எடுத்து விடையைத் தொடுவார். கடைசியில் அவர் திரையில் 11 நிமிடம் 40 நொடி மீதம் இருந்தது. சர்வரோ நேரம் முடிந்துவிட்டது என்று தேர்வை மூடிவிட்டது. நிதானமாகப் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்திருந்த கேள்விகள் அப்படியே போயின.

என் கணினியில் இரண்டு நாள் தேடியும் பிழை சிக்கவில்லை. அப்புறம் பக்கத்தைப் போனில் திறந்து, திரையை அணைத்துவிட்டு, டீ குடித்து வந்து பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிடம் போயிருந்தது. டைமரில் நான்கு நொடிதான் குறைந்திருந்தது.

காரணம் இதுதான். 1000 என்று கொடுத்தால் 'அதற்கு முன்னால் கூப்பிடாதே' என்றுதான் ப்ரௌசர் எடுத்துக்கொள்ளும். எப்போது கூப்பிடுவது என்பது அதன் முடிவு. 2021 ஜனவரியில் வந்த குரோம் 88 முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும், ஒலி எதுவும் எழுப்பாத பக்கத்தில் இத்தகைய டைமர்கள் நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடும். பேட்டரியை மிச்சப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு. அறுபது நொடி போகும், நீங்கள் எழுதிய நிரல் ஒரு நொடியைத்தான் கழிக்கும். போனில் திரை அணைந்தால் பக்கம் முழுவதுமே உறைந்துபோகலாம்.

இதைச் சொன்னதும் 1000ஐ 100 ஆக்கிவிட்டு "சரி பண்ணிட்டேன் சார்" என்று வருகிறார்கள். இதைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. உறைந்த பக்கத்தில் 100ம் ஓடாது, 1000ம் ஓடாது.

முடியும் நேரத்தை ஒரு வேரியபிளில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதிலிருந்து டேட்.நவ் தரும் இப்போதைய நேரத்தைக் கழியுங்கள். அவ்வளவுதான். பக்கம் பத்து நிமிடம் தூங்கி எழுந்தாலும் அடுத்த கணக்கிலேயே சரியான மீதம் வந்துவிடும். பக்கம் மறையும்போதும் மறுபடி தெரியும்போதும் வரும் விசிபிலிட்டிசேஞ்ச் நிகழ்விலும் அதே ஃபங்ஷனைக் கூப்பிட்டால், திரும்பி வந்தவுடனே சரியான எண் தெரியும். இன்டர்வலை 250 ஆக வைப்பதற்கு இங்கே அர்த்தம் உண்டு: 42க்கு அப்புறம் 40 என்று தாவாது.

தேர்வு, ஏலம் போன்றவற்றில் முடியும் நேரம் சர்வரிலிருந்து வரவேண்டும். போனின் கடிகாரம் தவறாக இருக்கலாம். பக்கம் திறக்கும்போதே சர்வர் நேரத்துக்கும் போன் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து வைத்து, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேதியை மட்டும் எழுதுவது

'2027-01-01' என்று மட்டும் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். இங்கே நள்ளிரவில் புத்தாண்டு பிறந்திருக்கும், உங்கள் பக்கத்தில் இன்னும் 5 மணி 30 நிமிடம் பாக்கி இருக்கும். நேரத்தையும், இந்திய நேரத்தைக் குறிக்கும் +05:30ஐயும் சேர்த்தே எழுதுங்கள். மாதத்தை எண்ணாகத் தனியே கொடுக்கும்போது ஜனவரி 0, டிசம்பர் 11.

ஒரு மாதம் தள்ளி செட்டைம்அவுட்

குறித்த நேரம் கழித்து ஒருமுறை மட்டும் ஓடும் செட்டைம்அவுட்டுக்கு 2147483647 மில்லி நொடிதான் எல்லை, அதாவது 25 நாளுக்குச் சற்றுக் குறைவு. அதைத் தாண்டினால் காத்திருக்காமல் உடனே ஓடிவிடும்.

ஸ்டார்ட் பட்டனை இருமுறை தொட்டால்

இரண்டு இன்டர்வல்கள் ஒன்றாக ஓடும். பழைய இன்டர்வலை நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்குங்கள்.

ஒவ்வொரு நொடியையும் வாசிக்க வைப்பது

டைமருக்கு ஏரியா-லைவ் (மாற்றங்களை உடனே வாசிக்கச் சொல்லும் குறிப்பு) போட்டுவிட்டால், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரில் தேர்வு எழுதுபவருக்குக் கேள்வியே காதில் விழாது. எண் மாறுவதை அறிவிக்காமல் விடுங்கள். பத்து, ஐந்து, ஒரு நிமிடம் இருக்கும்போது மட்டும் தனியாக அறிவியுங்கள்.

ரீஃப்ரெஷ் செய்தால் மறுபடி பத்து நிமிடம்

'சலுகை முடிய 10 நிமிடம்' என்று பொய்யாக ஓடும் டைமர். இந்தியாவில் 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்யும் 13 ஏமாற்று வடிவமைப்புகளில் போலி அவசரமும் ஒன்று. யார் கேட்டாலும் இதை நான் எழுதிக் கொடுப்பதில்லை.