தோழிக்கு ஒரு மல்லிப் பதியன்

என் வாசலில் நிற்கும் மதுரை மல்லி, 11 வருஷத்துக்கு முன் தோழி கொடுத்தது. போன வருஷம் அவள் வாடகை வீட்டைக் காலி செய்தபோது தாய்ச்செடியை எடுத்துப்போக முடியவில்லை. "செடிய விட்டுட்டு வந்துட்டேண்டி" என்று போனில் அழுதாள். அன்றைக்கே முடிவு செய்தேன், அவள் செடியின் பிள்ளையை அவளிடமே சேர்ப்பதென்று.

ஆடியில் பதியன் போடுங்கள், அதாவது செடியிலிருந்து வெட்டாமலே ஒரு கிளையை மண்ணில் புதைத்து வேர்விட வையுங்கள். மண்ணை ஒட்டித் தாழ்ந்திருக்கும், பென்சில் கனத்தில் முற்றிய கிளையாகப் பாருங்கள். இளம்பச்சைக் குச்சி அழுகிவிடும். கணுவுக்குக் கீழே ஒரு அங்குலம் சாய்வாகக் கீறுங்கள், பாதிக் கனத்துக்கு மேல் கத்தி இறங்கக் கூடாது. கீறல் ஒட்டிக்கொள்ளாமல் தீக்குச்சித் துண்டு ஒன்றை இடையில் செருகி, நான்கு விரல் ஆழத்தில் புதைத்து, மேலே செங்கல் துண்டு வையுங்கள். நுனி வெளியே தெரியட்டும். மண் காயவும் வேண்டாம், சேறாகவும் வேண்டாம்.

அப்புறம் மூன்று, நான்கு மாதம் பொறுமை. நான் தினமும் காலையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் காபி குடித்தேன். லேசாக இழுத்தால் பிடித்து நிற்கிறதா? வேர் வந்துவிட்டது. தாய்ச்செடிப் பக்கம் வெட்டி, தொட்டியில் நட்டு, பத்து நாள் நிழலில் வைத்துவிட்டுக் கொடுங்கள்.

கார்த்திகையில் கொண்டுபோனேன். பூவே இல்லாத செடி. அவள் இலையை முகர்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.