சதுக்கத்து நினைவுத் தூணை அடியிலிருந்து படிக்கும் முறை

நகரச் சதுக்கத்தில் ஒரு நினைவுத் தூணைக் கண்டதும் கண் முதலில் தேடுவது உச்சியில் நிற்கும் உருவத்தைத்தான். அந்தப் பழக்கத்தைச் சற்றே அடக்கிக்கொண்டு, அடியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கத் தொடங்குங்கள். ஏனெனில், தூணில் மிக எளிதாக மாற்றப்படுவது உச்சிதான். ரோம் நகரில் கி.பி. 113-இல் எழுந்த டிராஜன் தூணின் மேல் இன்று நிற்பவர் பேரரசர் டிராஜன் அல்லர். 1587-இல் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் காலத்தில் ஏற்றப்பட்ட புனித பேதுரு. பாரிசின் வாந்தோம் சதுக்கத்துத் தூணின் மேல், ரோமானிய உடையில் நின்ற நெப்போலியன் சிலை 1814-இல் இறக்கப்பட்டது. 1833-இல் படைத்தலைவரின் மேலங்கியும் தொப்பியும் அணிந்த வேறொரு நெப்போலியன் ஏறினார். 1863-இல் மீண்டும் ரோமானிய உடைக்கே திரும்பினார்.

ஆகவே முதலில் பீடத்துக் கல்வெட்டைப் பாருங்கள். எவரை நினைவுகூர்கிறார்கள் என்பதோடு, எழுப்பியவர் யார், நிகழ்ச்சி எந்த ஆண்டு, தூண் எந்த ஆண்டு என்பவற்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாததால்தான் பாரிசின் பாஸ்டீல் சதுக்கத்துத் தூணை 1789-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் புரட்சியின் சின்னம் என்று பலர் கருதிவிடுகிறார்கள். அப்புரட்சியில் மக்கள் தாக்கிய பாஸ்டீல் சிறை நின்றது அந்த இடத்தில்தான் என்றாலும், தூண் நினைவுகூர்வது 1830 ஜூலை 27, 28, 29 ஆகிய மூன்று நாட்களில் பத்தாம் சார்லஸ் மன்னரின் ஆட்சியை வீழ்த்திய எழுச்சியை, திறக்கப்பட்டது 1840-இல்.

நினைவுத் தூணைப் படிக்கப் பழகுவதற்கு இந்த ஜூலைத் தூணைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. பீடத்தில் ஒரு சிங்கம் நடந்து செல்கிறது. அதை வெறும் வீரத்தின் அடையாளமாக எண்ணிக் கடந்துவிடாதீர்கள். அந்த மூன்று நாட்களும் மேலைநாட்டுக் கணக்கில் சிம்ம ராசிக்கு உரியவை என்பதால், அச்சிங்கம் ஒரு தேதியும் ஆகும். மூலைகளில் பிரான்சின் சின்னமான சேவல்கள் நிற்கின்றன. வெண்கல உடலில் பொன்னெழுத்துகளாக மின்னுபவை அந்த எழுச்சியில் மாண்டோரின் பெயர்கள். அவர்களுடைய எச்சங்கள் தூணுக்கு அடியிலேயே இருக்கின்றன. இத்தனையையும் பார்த்த பிறகு தலையை உயர்த்தினால், ஒற்றைக் காலில் பறக்க எழும் பொன்முலாம் பூசிய விடுதலை உருவம், ஒரு கையில் தீவட்டியும் மறு கையில் அறுந்த சங்கிலியுமாகத் தெரியும். அங்கே அரசன் இல்லை, தளபதி இல்லை; பெயர் பொறிக்கப்பட்டவர்கள் கீழே இருக்க, அவர்கள் எதற்காக மாண்டார்களோ அது மேலே நிற்கிறது.

அடுத்து, தூண் எதனால் ஆனது என்று கேளுங்கள், பொருளும் பேசும். வாந்தோம் தூணைப் போர்த்தியிருக்கும் வெண்கலம், 1805-இல் நெப்போலியன் வென்ற ஆஸ்டர்லிட்ஸ் போரில் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்த்ததாகப் பறைசாற்றப்பட்டது. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் தூண் பீடத்துப் புடைப்புச் சிற்பங்களுக்குப் பிரெஞ்சுப் பீரங்கிகள் உருகின. எதிரியின் ஆயுதமே வென்றவனின் புகழுக்கு உலோகமாகிவிடுகிறது. ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் அரண்மனைச் சதுக்கத்தில் 1834-இல் திறக்கப்பட்ட அலெக்சாந்தர் தூணின் உடலோ ஏறத்தாழ 600 டன் எடையுள்ள ஒரே கருங்கல். எந்தப் பிணைப்புமின்றித் தன் எடையாலேயே நிற்கிறது. அசையாத பேரரசு என்பதைச் சொல்ல அதற்கு எழுத்தே தேவைப்படவில்லை.

உடலில் சுருளாக ஏறும் சிற்பத்தொடர் இருந்தால் பொறுமை வேண்டும். டிராஜன் தூணின் கதை டான்யூப் ஆற்றங்கரையில் தொடங்கி இடமிருந்து வலமாக ஓடுவதால், அதைத் தொடர்பவர் வலம் வராமல், தூண் தம் இடக்கைப் பக்கம் இருக்குமாறு சுற்ற வேண்டும். ஏறத்தாழ 200 மீட்டர் நீளமுள்ள அத்தொடரின் நடுவில், கேடயத்தில் எழுதிக்கொண்டிருக்கும் வெற்றித் தேவதையைத் தேடுங்கள். டேசியாவுக்கு (இன்றைய ருமேனியப் பகுதி) எதிராக டிராஜன் நடத்திய இரண்டு போர்களையும் பிரிக்கும் இடம் அதுவே. மேலடுக்குகளுக்கு இருநோக்கி அவசியம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இத்தூணின் சாந்து வார்ப்பு இரண்டு துண்டுகளாக நிற்கிறது. அங்கே சென்று பார்த்தால் கண்ணுக்குக் கிடைப்பது இன்னும் அதிகம்.

கடைசியாக, தூண் பட்ட காயங்களையும் விசாரியுங்கள். வாந்தோம் தூணை, அது போர்வெறியின் சின்னம் என்று சொல்லி, 1871 மே 16 அன்று, அந்நகரை அப்போது ஆண்ட புரட்சி அரசான பாரிஸ் கம்யூன் வீழ்த்தியது. சில ஆண்டுகளிலேயே அது திரும்ப எழுப்பப்பட்டது. பெர்லின் வெற்றித் தூண் 1873-இல் திறக்கப்பட்ட இடத்தில் இன்று இல்லை. நாஜி ஆட்சி அதை 1930-களின் இறுதியில் பெயர்த்து, உயரத்தையும் கூட்டி, இப்போதுள்ள சதுக்கத்தில் நிறுத்தியது. அதன் பீடத்துப் புடைப்புச் சிற்பங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கழற்றப்பட்டு, 1987-இல் திரும்பப் பொருத்தப்பட்டவை. அவற்றின் அருகே சென்று, உடைந்த பகுதிகளையும் சிற்பத்தின் ஒரு பகுதியாகவே எண்ணிப் பாருங்கள்.