தற்காலக் கலை அருங்காட்சியக வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டடத்தின் தோற்றத்தை முடிவு செய்துவிட்டு அதன் பிறகே ஒளியைப் பற்றிச் சிந்திப்பது, இத்துறையில் திரும்பத் திரும்பச் செய்யப்படும் தவறாகும். பீட்டர் ஐசன்மன் வடிவமைத்து, அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் 1989-இல் திறக்கப்பட்ட வெக்ஸ்னர் கலை மையத்தைக் கட்டடக்கலை உலகம் கொண்டாடியது. ஆனால் அதன் கண்ணாடிக் கூரை ஒழுகியது, காட்சிக்கூடங்களில் வெயில் நேரடியாக விழுந்தது, வெப்பநிலையும் நிலையாக நிற்கவில்லை. காகிதத்தில் வரைந்த படைப்புகளுக்கு 50 லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியின் அளவு), எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு 200 லக்ஸ் என்பதே பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு என்பதால், அத்தகைய வெயிலில் எந்த ஓவியத்தையும் துணிந்து மாட்ட முடியாது. பெரும் செலவில் பழுது நீக்கிய பிறகு, 2005-இல்தான் அதன் காட்சிக்கூடங்கள் மீண்டும் திறக்கப்பட்டன.

அக்கம்பக்கத்து மனைகளில் நாளை என்ன எழும்பும் என்று ஆராயாமல் விடுவதும் இதே வகைப் பிழைதான். டாலஸில் 2003-இல் திறக்கப்பட்ட நாஷர் சிற்ப மையத்துக்கு, வடதிசை ஒளியை மட்டும் உள்ளே விடும் அலுமினியக் கூரையை ரென்ஸோ பியானோ அமைத்தார். பின்னர் அருகில் எழுந்த 42 மாடிக் குடியிருப்புக் கோபுரத்தின் கண்ணாடிச் சுவர், வெயிலை அந்தக் கூரைத் துளைகள் வழியாகவே உள்ளே திருப்பி அனுப்பியது. வானத்தை மட்டுமே காட்டுவதற்காக ஒளிக் கலைஞர் ஜேம்ஸ் டரல் அமைத்திருந்த அறையையும், கோபுரம் பார்வையில் விழுந்ததால் மூட நேர்ந்தது. இதற்காகக் கட்டடக் கலைஞரைக் குறைகூறுவது நியாயமன்று; எனினும் அண்டை மனைகளின் உயர வரம்பை எழுத்தில் உறுதி செய்யாத நிலையில், ஒரே திசை ஒளியை நம்பிக் கூரை அமைப்பது துணிச்சலான பந்தயமே.

எடையைப் பொறுத்தவரை, சுவரில் மாட்டும் படங்கள் மட்டுமே வரும் என்ற கணக்கு தற்காலக் கலைக்குப் பொருந்தாது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் 2004 விரிவாக்கத்தில் இரண்டாம் தளத்தை வலுவாகக் கட்டியிருந்ததால்தான், ரிச்சர்ட் செராவின் பிரம்மாண்ட எஃகுச் சிற்பங்களை 2007-இல் அங்கேயே நிறுத்த முடிந்தது. தளம் தாங்கினால் மட்டும் போதாது. சரக்கு இறங்கும் மேடை, மின்தூக்கி, கதவு, தாழ்வாரத் திருப்பம் ஆகிய எல்லாவற்றையும் அதே பெரிய பொருள் கடக்க வேண்டும்.

நிலத்தடி அறைகளைச் சேமிப்புக்கு ஒதுக்குவோர் வெள்ளத்தை மறந்துவிடுகின்றனர். நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றங்கரையில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த விட்னி அருங்காட்சியக வளாகத்துள் 2012-இல் சாண்டி புயல் வெள்ளம் புகுந்தது; அதன் பிறகே வெள்ளத் தடுப்புக் கதவுகளும், வேண்டும்போது பொருத்தும் தடுப்புச் சுவரும் வடிவமைப்பில் சேர்க்கப்பட்டு, 2015-இல் கட்டடம் திறக்கப்பட்டது.