காதல் மர்மக் கதைக்குக் கரும்புக் கொல்லை

கிராமத்துக் காதல் மர்மக் கதை எழுதுகிறவர்கள், காதலர் சந்திக்கும் இடத்தையும் ரகசியம் ஒளிந்திருக்கும் இடத்தையும் ஒரே கரும்புக் கொல்லையாக வையுங்கள். வெட்டு நாளைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். தனியாகப் பதற்றம் கூட்ட வேண்டியதில்லை, பக்கங்களும் மிச்சம். பத்து மாதக் கரும்பு ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். உள்ளே யார் இருந்தாலும் வரப்பிலிருந்து தெரியாது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து ஆட்கள் இறங்கினால் சில நாளில் நிலம் மொட்டை. அப்புறம் வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்த்து மறைவு தர மாதக்கணக்காகும். அந்த வெறுமை காதலுக்கும் எவ்வளவு பொருந்துகிறது!

நெல் வயலுக்கு இது சரிவராது, இடுப்பளவுதான் வளரும். வாழையும் வேண்டாம், தார்கள் ஒரே நாளில் முற்றாது, அதனால் தோப்பு ஒரேயடியாக வெறுமையாகாது.