ஓடப்போகிற குதிரைகளைப் பற்றி நாம் போடும் தப்புக் கணக்குகள்

போன வாரம் புதிதாகப் பயிற்சியாளர் ஆன ஒருவர், அடுத்த ரேஸ் நாளில் ஓடப்போகும் தன் ஐந்து குதிரைகளைப் பற்றி என்னிடம் அரை மணி நேரம் பேசினார். ஐந்தும் ஜெயிக்குமாம். ஆரம்பத்தில் நானும் இதே பாட்டைப் பாடியவன்தான் என்பதால் சிரிக்க முடியவில்லை. ரேஸுக்குப் பெயர் கொடுக்கும் என்ட்ரி தேதியைத் தவறவிடுவது, லாடத்தைப் பார்க்காமல் அனுப்புவது போன்றவற்றை ஒரு முறை திட்டு வாங்கினாலே கற்றுக்கொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஸ்டாப்வாட்ச் சொல்வதை அப்படியே நம்புவது

பயிற்சியில் நான்கு ஃபர்லாங், அதாவது சுமார் 800 மீட்டர், பிரமாதமான நேரத்தில் ஓடியது என்பார்கள். மேலே இருந்தவர் எத்தனை கிலோ? தரை ஈரமா, காய்ந்திருந்ததா? கடிவாளத்தைப் பிடித்தபடி வந்தாரா, விரட்டினாரா? இதெல்லாம் தெரியாமல் நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம், ரேஸுக்கு முந்தைய நாள் முழு வேகத்தில் ஓட விட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. தசையில் தீர்ந்த சர்க்கரைச் சேமிப்பு திரும்ப நிறைய குதிரைக்கு இரண்டு மூன்று நாளாகும். ஓட வேண்டிய ரேஸைப் பயிற்சித் தளத்திலேயே ஓடி முடித்துவிடுகிறது பாவம்.

"கொஞ்சம் சூடுதான்"

ஐந்தில் ஒன்று காலையில் கொஞ்சம் கட்டையாக நடந்தது என்று பேச்சுவாக்கில் சொன்னார். காலைத் தொட்டுப் பார்த்தீர்களா என்றேன். "சைஸ் பார்த்திருப்பார்" என்றார், குதிரையைப் பராமரிக்கும் ஆளைத்தான் சொல்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என்னிடம் நான்கு வயதுக் குதிரை ஒன்று இருந்தது. சனிக்கிழமை ரேஸ். வியாழன் காலை சைஸ், இடது முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே, பின்பக்கத் தசைநாணில் லேசான சூடு இருக்கிறது என்றார். ட்ராட்டில், அதாவது மெதுவோட்டத்தில், ஓட்டிப் பார்த்தோம், நொண்டவில்லை. குளிர்ந்த நீர் அடித்தோம், கட்டுப் போட்டோம். மாலையில் சூடு இல்லை. நிம்மதியாகத் தூங்கினேன். சனிக்கிழமை கடைசி 300 மீட்டர் இருக்கும்போது முன்னணியில் இருந்த குதிரை தடுமாறியது. ஜாக்கி பிடித்து நிறுத்திவிட்டார். ஸ்கேனில் தசைநாணின் நடுவே இழைகள் அறுந்து கருப்பாக ஓர் ஓட்டை. பத்து மாத ஓய்வு. திரும்பி வந்தது பழைய குதிரை இல்லை.

பாய்ச்சலில் ஒற்றை முன்னங்கால் உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கைத் தாங்குகிறது. 500 கிலோ குதிரைக்கு அது ஆயிரத்து இருநூறு கிலோவுக்கு மேல். அப்போது அந்தத் தசைநாண் அறுந்துபோகும் எல்லைக்குப் பக்கத்திலேயே இழுபடுகிறது. ஆறினாலும் தழும்புத் திசுவாகத்தான் ஆறும், பழைய நெகிழ்வு வராது. ஆரம்பத்தில் நொண்டவும் நொண்டாது என்பதால்தான் ஏமாந்துபோகிறோம்.

காயம் யாருக்கும் வரும். குளிர்ந்த நீரால் நான் மறைத்தது சூட்டை இல்லை, உரிமையாளருக்குப் போட வேண்டிய ஒரு போன் காலை. அதுதான் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

தண்ணீர் படுவதற்கு முன், கட்டை அவிழ்த்துக் கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு கால்களையும் ஒப்பிட்டுத் தொட்டுப் பாருங்கள். காலைத் தூக்கிப் பிடித்து விரலால் அழுத்துங்கள். சந்தேகம் என்றால் ரேஸிலிருந்து பெயரை எடுத்துவிட்டு ஸ்கேன் எடுங்கள். முதல் நாள் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் ஒரு வாரம் கழித்து இன்னொன்று, ஏனென்றால் சேதம் முதல் சில நாட்களில் பெரிதாகலாம்.

தொட்டியில் மிச்சம் கிடக்கும் தீவனம்

தீவனத்தை மிச்சம் வைத்தால் காய்ச்சலாக இருக்கலாம், தெர்மாமீட்டர் வையுங்கள். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஓட்டமே கிடையாது.

உரிமையாளரிடம் "நிச்சயம்" என்பது

சொல்லாதீர்கள்.

"கடைசியில் பாய்ந்து வந்தது, தூரத்தைக் கூட்டுவோம்"

அடுத்து நீளமான ரேஸில் விடும் முன் வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். பெரும்பாலும் உங்கள் குதிரை வேகம் எடுத்திருக்காது, முன்னால் போனவை களைத்துப்போயிருக்கும்.