ஒனோமிச்சியில் ஒரு நாள்: முதன்முறை செல்பவர்களுக்கு

ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்தில், மலைக்கும் செட்டோ உள்நாட்டுக் கடலுக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது ஒனோமிச்சி. 1169-இல் அரிசி அனுப்பும் துறைமுகமாகத் தொடங்கிய ஊர். வணிகர்களின் பணம் மலைச்சரிவெங்கும் கோயில்களாக எழுந்து நிற்கிறது.

1. சரியான நிலையத்தில் இறங்குங்கள்

ஷின்-ஒனோமிச்சி என்ற புல்லட் ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. எல்லா ரயில்களும் அங்கே நிற்பதில்லை. ஃபுகுயாமாவில் இறங்கி, சான்யோ பாதையில் உள்ளூர் ரயில் பிடித்தால் சுமார் 20 நிமிடத்தில் ஒனோமிச்சி. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கடல்.

2. ஏறுவதற்கு ரோப்வே, இறங்குவதற்குக் கால்

செங்கோஜி மலைக்கு ரோப்வேயில் மூன்று நிமிடம்தான். ஒருவழி டிக்கெட் மட்டும் வாங்குங்கள். இந்த ஊரின் அழகெல்லாம் இறங்கும் வழியில்தான். உச்சியிலிருந்து பாறைகளுக்கிடையே செல்லும் பாதையில், எழுத்தாளர்களின் வரிகள் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதன் முடிவில், பாறையை ஒட்டிச் சிவப்பு நிறத்தில் செங்கோஜி கோயில்.

இன்னும் கீழே தென்னெய்ஜி கோபுரம். 1388-இல் ஐந்து அடுக்காகக் கட்டினார்கள். மேலடுக்குகள் பழுதானதால் 1692-இல் மூன்றாகக் குறைத்தார்கள். வழக்கமாகக் கோபுரத்தை அண்ணாந்துதான் பார்ப்போம். இங்கே கூரை ஓடுகள் காலுக்குக் கீழே விரிகின்றன. அதற்கப்பால் கால்வாய் போன்ற குறுகிய கடலில் படகுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. கேமராவை இங்கே எடுங்கள்.

பக்கத்திலேயே பூனைச் சந்து. பூனை முகம் வரைந்த உருண்டைக் கற்கள் நிச்சயம் உண்டு. உயிருள்ள பூனைகள் அவற்றின் இஷ்டம்! படிகள் செங்குத்தானவை, மழையில் வழுக்கும். சந்துகளில் மக்கள் குடியிருக்கிறார்கள், சத்தம் வேண்டாம்.

3. மதியச் சாப்பாடு

ஒனோமிச்சி ராமென்: சோயா சாஸ் குழம்பு, தட்டை நூடுல்ஸ், மேலே மிதக்கும் பன்றிக் கொழுப்புத் துண்டுகள். சைவர்கள் தவிர்த்துவிடுங்கள், இறைச்சியை எடுத்துவிட்டாலும் குழம்பு சைவமாகாது.

4. சைக்கிள்

ஷிகோகு தீவின் இமபாரி நகர் வரை ஆறு தீவுகளைப் பாலங்களால் கோக்கும் சைக்கிள் பாதை ஷிமானாமி கைடோ, சுமார் 70 கிலோமீட்டர். துறைமுகத்தருகே சைக்கிளை வாடகைக்கு எடுத்து, சைக்கிளோடு படகில் ஏறினால் ஐந்து நிமிடத்தில் எதிர்க்கரையான முக்காய்ஷிமா. அங்கிருந்து சாலையோர நீலக் கோட்டைத் தொடர்ந்தால் போதும்.

புதியவர்களுக்கு வழியில் எலுமிச்சைக்குப் பெயர்போன ஊரான செட்டோடா வரையிலான 30 கிலோமீட்டரே தாராளம். அங்கிருந்து படகில் திரும்பலாம். சைக்கிளை அங்கேயே ஒப்படைக்க முடியுமா என்பதையும் கடைசிப் படகின் நேரத்தையும் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.